திரும்பி வந்த அறிவித்தல்

பேதுரு அறைக் கதவைச் சாத்தி உள்கொக்கியை மாட்டினார். வெளியே வாடகைக் கதிரைகளை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்ப்பார்கள், ஆளுக்கொரு புத்தி சொல்லுவார்கள். அது அவருக்குப் பிடியாது. மேசையில் இருந்த கொம்பியூட்டரைப் போர்த்திக் கிடந்த பழைய தலையணை உறையை இரண்டு விரலால் தூக்கிக் கட்டிலில் போட்டார்.

"ம். துற பிள்ளை. நாலரைக்குக் கரண்டை வெட்டிப்போடுவான்கள்."

ஐறீன் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். ஜம்பட்டா வீதியில் வெளிநாட்டு ரெலிபோன் எடுக்கிற கடையில் வேலை செய்கிறவள். பேதுருவின் தம்பி றேமண்ட் முதல் தரம் நெஞ்சுநோவில் படுத்தபோது இந்தப் பெட்டியைத் திறக்கிற இரகசியச் சொல்லை நம்பிக் கொடுத்தது அவளிடம்தான். கூடப்பிறந்த அண்ணனிடம் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் அதை வைத்துக்கொண்டு பேதுரு என்ன செய்வார் என்பது வேறு கதை.

றேமண்ட் பெரியாஸ்பத்திரியில் உயிரை விட்டது விடியற்காலை ஐந்துக்கு. இப்போது இரண்டே முக்கால். உடல் பொரளையில் சவம் பதப்படுத்துகிற பார்லரில் கிடந்தது; ஆறு மணிக்கு வீட்டுக்கு வரும். நாளை மூன்றரைக்கு எடுப்பது என்று பங்குச் சுவாமியிடம் கேட்டு முடிவாகிவிட்டது. ரேடியோவுக்கு அறிவித்தல் கொடுத்தாயிற்று. பத்திரிகைக்குக் கொடுத்தாயிற்று. சந்தியிலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் வெள்ளைக்கொடி கட்டியாயிற்று. மிச்சம் இருந்தது இந்தப் பெட்டி ஒன்றுதான். அதைப் பேதுரு மறந்தே போயிருந்தார். றேமண்டின் மனைவி மாக்ரெட்தான், அழுது அழுது தொண்டை அடைத்துப்போய்க் கிடந்தவள், அவரைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"ஊர்ச்சனத்தின்ர சாவெல்லாம் அறிவிச்ச மனுசன் அத்தான். அவரின்ர அறிவித்தல் போகாமக் கிடக்கக்கூடாது."

அது நியாயம். கொட்டாஞ்சேனையிலும் கொச்சிக்கடையிலும் பிறந்து, எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு உலகம் முழுக்கச் சிதறிப்போன சனம் முந்நூற்றுப் பதினெட்டுப் பேரின் விலாசம் றேமண்டிடம் இருந்தது. இங்கே ஒருவர் செத்தால் றேமண்ட் இந்தப் பெட்டியில் ஒரே ஒரு கடிதம் எழுதுவான். அது முந்நூற்றுப் பதினெட்டுப் பேருக்கும் போகும். "லிஸ்ற்" என்பான். கப்பல் கொம்பனியில் முப்பத்திரண்டு வருஷம் கிளார்க்காக இருந்தவனுக்கு பென்ஷன் எடுத்த பிறகு கிடைத்த வேலை அது. சம்பளமில்லை. ரெலிபோன் பில் கைக்காசு.

பேதுரு அதை ஒருநாளும் நம்பியதில்லை. துறைமுகத்தில் நாட்டாமையாக மூட்டை சுமந்து, பிறகு நாட்டாமைகளுக்குத் தலைவனாக இருந்தவர் அவர். கண்ணால் கண்டு கையால் தொட்ட சரக்கைத்தான் நம்புவார். அவருடைய காலத்தில் சாவைச் சொல்ல ஆள் போகும். வாசலில் நின்று, உள்ளே வராமல், தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல், இன்னார் போய்விட்டார், இத்தனை மணிக்கு எடுக்கிறோம் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவான். பதினாலு வயதில் பேதுருவே அப்படி முகத்துவாரம் வரைக்கும் நடந்திருக்கிறார். ஒரு வீட்டில் மட்டும், தகப்பனுடைய ஒன்றுவிட்ட தம்பி வீட்டில், சொல்ல வந்தவனைக் கண்டதும் கதவைச் சாத்தினார்கள். சொல்லை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். அதோடு அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் கொடுக்கல் வாங்கல் அற்றுப்போயிற்று. கலியாணமும் இல்லை, கருமாதியும் இல்லை. சண்டைக்காரனோடு ஒருநாள் சமாதானமாகலாம். சாவைத் திருப்பினவனோடு ஆகமுடியாது. பேதுருவுக்குத் தெரிந்த சட்டம் அதுதான்.

போனவருஷம் இந்த லிஸ்ற்றால் ஒரு கரைச்சலும் வந்தது. வீடு வீடாகப் பொலிஸ் வந்து அடையாள அட்டை பார்த்த நாளில், மேசையிலிருந்து முந்நூறு வெளிநாட்டு விலாசம் அச்சடித்த தாளைக் கண்டெடுத்தார்கள். "மே ஒக்கொம கவுத?" என்று கேட்டான் இன்ஸ்பெக்டர். இவ்வளவு பேரும் யார் என்று கேட்டால் என்ன சொல்வது? எல்லாரும் இந்தக் கோயிலில் பூசை கண்ட சனம் சேர், யாரும் செத்தால் அறிவிக்கிறேன் என்று றேமண்ட் சிங்களத்தில் சொன்னான். பொழுது சாயும் வரைக்கும் ஸ்ரேஷன் வாங்கில் இருத்தி வைத்திருந்துதான் விட்டார்கள். கேற்றடியில் நின்ற பேதுரு தம்பி வெளியே வந்ததும் முதல் கேட்டது, இனியாவது அந்தச் சனியனைத் தூக்கி எறிவியா என்பதுதான். றேமண்ட் சிரித்தான். அடுத்த நாள் விடிய ஐந்து மணிக்கு ரெலிபோன் வயரைப் பெட்டியில் குத்தினான்; அது கீச்சிட்டுக் கத்திக்கொண்டிருந்தது.

இப்போதும் அதேமாதிரிக் கத்தியது. முதல் தரம் லைன் அறுந்தது. இரண்டாம் தரமும் அறுந்தது. மூன்றாம் தரம் பிடித்தது. ஐறீன் முன்பு போன அறிவித்தல் ஒன்றைத் திறந்து, பெயரையும் திகதியையும் மாற்றினாள். றேமண்ட் எல்லாருக்கும் ஒரே வாசகம்தான் வைத்திருந்தான் போலிருக்கிறது. தன் பெயரை வைக்க இடம் விட்டு எழுதிவைத்த மாதிரி இருந்தது பேதுருவுக்கு.

"வாசி."

அவள் இங்கிலிஷில் வாசித்துத் தமிழில் சொன்னாள். பேதுரு தலையாட்டினார். அவள் விசையை அமத்தினாள்.

"போயிட்டுதா?"

"போயிட்டுது அங்கிள். கொஞ்சம் இருங்கோ. திரும்பி வாறதுகளைப் பாக்கவேணும். றேமண்ட் அங்கிள் அனுப்பிப்போட்டு எழும்ப மாட்டார், அரை மணித்தியாலம் இருந்து பாப்பார்."

திரும்பி வருகிறது. அந்தச் சொல்லைப் பேதுரு முன்பும் ஒருதரம் கேட்டிருந்தார்.

தொண்ணூற்றொன்பது மாசி மாதம் அவருடைய மனைவி பிறிஜெற் செத்தாள். அப்போதும் றேமண்ட்தான் அறிவித்தான். எட்டாம் நாள், வந்த பதில்களையெல்லாம் தாளில் எடுத்துக்கொண்டு வந்து ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னான். கனடாவிலிருந்து, நோர்வேயிலிருந்து, முகம் மறந்துபோன சனமெல்லாம் எழுதியிருந்தது. எல்லாம் கேட்டு முடிந்ததும் பேதுரு ஒன்றே ஒன்று கேட்டார். நேசம் என்ன எழுதினாள்?

நேசம் அவர்களுடைய ஒரே தங்கை. டென்மார்க்கில் இருக்கிறாள். பிறிஜெற் அவளைத் தன் பிள்ளை மாதிரிப் பார்த்தவள். நேசத்தின் இரண்டு பிள்ளைப்பேற்றுக்கும் ஆஸ்பத்திரியில் காத்துக்கிடந்தவள். றேமண்ட் கையிலிருந்த தாள்களை அடுக்கிவைத்துவிட்டு, அவளுக்கு அனுப்பினது திரும்பி வந்துவிட்டது, அவளுடைய கடிதப்பெட்டி நிரம்பிவிட்டதாம் என்றான். பேதுரு தாளைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்தான். மேலே நேசத்தின் பெயர். நடுவில் இங்கிலிஷில் என்னவோ நாலு வரி. கீழே பிறிஜெற்றின் மரண அறிவித்தல், ஒரு எழுத்துக் குறையாமல். தபால்காரன் மறுத்த கடிதத்தைத் திருப்பிக் கொண்டுவந்து போட்ட மாதிரி.

"எல்லாரின்ர பெட்டியிலயும் இடம் இருந்துது," என்றார் பேதுரு. "என்ர மனிசிக்கு மட்டும் அவளிட்ட இடமில்லை. என்ன?"

றேமண்ட் அது மெஷின் செய்கிற வேலை என்று விளக்கப்படுத்தப் பார்த்தான். தங்கையைக் காப்பாற்றப் பார்க்கிறான் என்று பேதுருவுக்கு விளங்கிவிட்டது. அவனுடைய வாயை அடைத்தார். அவளுடைய பெயரை லிஸ்ற்றிலிருந்து எடு என்றார். சித்திரையில் டென்மார்க் முத்திரையோடு ஒரு கடிதம் வந்தது. பேதுரு அதைப் பிரிக்கவில்லை. தபால் கந்தோருக்குக் கொண்டுபோய், வேண்டாம் என்று இங்கிலிஷில் எழுதித் தரச்சொல்லி, திருப்பி அனுப்பினார். ஆனியில் ஒன்று வந்தது. அதுவும் போயிற்று. நத்தார் பண்டிகைக்கு ஒன்று. அதுவும். பிறகு வரவில்லை. அவருக்கு அது நெஞ்சுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

"முதலாவது வந்திட்டுது," என்றாள் ஐறீன். பிறகு, "அய்யோ," என்று மெல்லச் சொன்னாள்.

"என்ன?"

"மெல்பேர்ன் றொபேட் அண்ணா. தான் பதினாலாம் திகதி மட்டும் விடுமுறையாம். அவசரமெண்டால் ஒபிஸ்ல இன்னொராளோட கதைக்கச் சொல்லியிருக்கு."

பேதுரு திரைக்குக் கிட்ட வந்தார். றொபேட் இந்த வீட்டில் றேமண்டின் கையைப் பிடித்துக் கணக்குப் படித்தவன். "செத்தவீடு சொன்னால் சொல்லுற பதிலா இது?"

"அவர் சொல்லேல்லை அங்கிள். அவர் எங்கயோ ஊர் சுத்தப் போயிட்டார். போகேக்க இப்பிடி எழுதிவைச்சிட்டுப் போறது. யார் என்ன எழுதினாலும் மெஷின் அதைத்தான் சொல்லும். அதுவும் லிஸ்ற்றுக்கே சொல்லிப்போட்டுது. இப்ப முந்நூறு பேருக்கும் போயிருக்கும். இருங்கோ, இவரை நிப்பாட்டாட்டி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும்."

அவள் எதையோ அமத்தினாள், எதையோ அழித்தாள். அதற்குள் பத்து வந்துவிட்டது, பிறகு பதினேழு. அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனாள். இவர் வேலை மாறிவிட்டார், பழைய விலாசம் செத்துப்போயிற்று. இவருடைய கொம்பனியின் மெஷின், ஒரே கடிதம் முந்நூறு பேருக்கு வந்தால் குப்பை என்று நினைத்து எறிந்துவிடும். இது இன்னும் போகவில்லை, மெஷின் பிறகு ஒருதரம் முயற்சி செய்யும். றேமண்ட் அங்கிள் ஒவ்வொன்றையும் கொப்பியில் எழுதிவைத்து, அந்தந்த ஆளைத் தெரிந்த வேறு ஆளுக்கு எழுதி, புது விலாசம் கேட்பார் என்றாள். மூன்று தரம் திரும்பி வந்தால் மெஷின் யாரையும் கேட்காமல் அந்தப் பெயரை வெட்டிவிடும் என்றும், அதற்கு முன்னால் பிடிக்க வேண்டும் என்றும், அதுதான் அங்கிளுக்குப் பெரிய வேலை என்றும் சொன்னாள்.

பேதுரு பாதி கேட்டார், பாதி கேட்கவில்லை. தம்பி விடிய விடிய எழும்பி இருந்து செய்தது இதுவா என்று நினைத்தார்.

"இது லண்டன் கொன்ஸ்ரன்ஸ் அன்ரி."

"என்ன கொன்ஸ்ரன்ஸ்?"

"அவவுக்குப் போனதும் திரும்பி வந்திட்டுது."

பேதுரு கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். கொன்ஸ்ரன்ஸ் மாக்ரெட்டின் தங்கை. பன்னிரண்டு மணிக்குத்தான் லண்டனிலிருந்து ரெலிபோன் எடுத்தாள். மாக்ரெட்டால் கதைக்க முடியாமல் பேதுருதான் வாங்கினார். அந்தப் பிள்ளை வாய்விட்டுக் குழறியது இன்னும் காதுக்குள் நின்றது.

"அவள் ஏன் திருப்பினவள்?"

"அவ திருப்பேல்லை அங்கிள். பெட்டி நிரம்பிட்டுது எண்டு கிடக்கு. பேரப்பிள்ளையின்ர படம் கிடம் வந்து நிரம்பியிருக்கும். நிரம்பினால் வாறதெல்லாம் வாசலோட திரும்பிடும். வந்ததும் அவவுக்குத் தெரியாது, திரும்பினதும் தெரியாது."

"தெரியாது?"

"எப்பிடித் தெரியும்? எங்களுக்குத்தான் தெரியும்."

பேதுரு கண்ணாடித் திரையைப் பார்த்தார். மேலே கொன்ஸ்ரன்ஸின் பெயர். நடுவில் இங்கிலிஷில் நாலு வரி. கீழே றேமண்டின் மரண அறிவித்தல், ஒரு எழுத்துக் குறையாமல். இங்கிலிஷ் வாசிக்கத் தெரியாதவன் உருவத்தைத்தான் மனதில் வைத்திருப்பான். அந்த நாலு வரியின் உருவம் அவருக்குப் பாடம். இரண்டரை வருஷம் அதைத்தான் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தார்.

துறைமுகத்தில் இடமில்லாவிட்டால் கப்பல் வெளியே கடலில் நிற்கும். நின்று பார்த்துவிட்டு, சில நேரம் சரக்கோடு திரும்பியும் போய்விடும். சரக்குக்காரன் ஜம்பட்டா வீதியில் கடையைத் திறந்துவைத்துக்கொண்டு இருப்பான், அவனுக்கு ஒன்றும் தெரியாது. அவன்தான் கப்பலைத் துரத்தினான் என்று எந்த நாட்டாமையும் சொல்லமாட்டான். பேதுருவும் சொல்லியிருக்கமாட்டார். நாற்பது வருஷம் அங்கே நின்றவர்.

அவர் கட்டிலில் உட்கார்ந்தார்.

வெளியே பந்தல்காரர்கள் கம்பு ஊன்றுகிற சத்தம் கேட்டது. ஐறீன் திரும்பிப் பார்த்தாள். தண்ணி வேணுமா அங்கிள் என்று கேட்டாள். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"நேசத்துக்குப் போனதா?" என்றார் கடைசியில்.

ஐறீன் விசைப்பலகையில் இருந்த கையை எடுத்து மடியில் வைத்தாள். அப்படி அவள் வைத்ததிலிருந்தே அவளுக்கும் கதை தெரியும் என்று பேதுருவுக்குப் பட்டது. பூசைக்குப் போகிற சனம் முழுக்கத் தெரிந்திருக்கும். கதவைச் சாத்தி என்ன பிரயோசனம்.

"அவ லிஸ்ற்றில இல்லை அங்கிள். எடுத்திருக்கு."

"நான்தான் எடுக்கச் சொன்னது. ரெலிபோனில சொல்லுவம்."

அதை மாக்ரெட் காலையிலேயே பார்த்துவிட்டாள் என்று ஐறீன் சொன்னாள். பழைய நம்பருக்கு அடித்தால் விளங்காத பாஷையில் ஒரு பொம்பிளை திரும்பத் திரும்ப ஏதோ சொல்லுகிறாள். நேசம் போன மாதம் வேறு ஊருக்கு வீடு மாறினவள். புது நம்பர் றேமண்டுக்கே வந்து சேரவில்லை. வீடு மாறினதை ஐறீன் எப்படி அறிந்தாள் என்று பேதுரு கேட்டார். அவள் வேறு வழியில்லாமல், றேமண்ட் அங்கிள் நேசம் அன்ரிக்குத் தனியாக எழுதிக்கொண்டிருந்தார் என்றாள். மாதத்துக்கு ஒன்று, இரண்டு. எல்லாம் இதற்குள் கிடக்கிறது.

"எந்த மாசத்தில இருந்து?"

"பிறிஜெற் அன்ரி செத்த வருஷம் பங்குனி."

"என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறான்?"

"வேணாம் அங்கிள். அது அவை ரெண்டு பேரும் எழுதினது."

"வாசி பிள்ளை."

ஐறீன் அவருடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு திரையில் எதையோ தேடினாள். கனநேரம் தேடினாள், வாசிக்கக்கூடியது ஒன்றைத் தேடினாள் போலிருக்கிறது. கடைசியில் ஒரு இடத்தில் நின்று, இங்கிலிஷில் மனதுக்குள் வாசித்துவிட்டு, மெதுவாகத் தமிழில் சொன்னாள்.

"மூன்றாவது கடிதத்தையும் அண்ணன் திருப்பிப்போட்டார். நீ கோவிக்காதே. முதலே நான் அவரை இருத்திவைச்சு வடிவாய் விளங்கப்படுத்தியிருந்தால் சரியாயிருக்கும். இப்ப விளங்கப்படுத்தினால் அவருக்கு வெட்கமாய்ப் போயிடும். அந்த வெட்கத்தை அவர் தாங்கமாட்டார். இருக்கட்டும் விடு." அவள் நிறுத்தினாள். "அவ்வளவுதான்."

பேதுரு கீழே சீமெந்துத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். றேமண்ட் ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து அவருடைய வீட்டுக்கு வருவான். பாணும் சம்பலும் சாப்பிடுவான். பேதுரு நேசத்தைத் திட்டுவார். செத்தவீட்டைத் திருப்பினவள், நன்றி கெட்டவள், வெள்ளைக்கார நாட்டுத் திமிர் என்று திட்டுவார். றேமண்ட் பாணைப் பிய்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பான். ஒருநாளும் ஒரு சொல்லும் சொன்னதில்லை. தான் சொல்வது சரி என்றபடியால்தான் அவன் பேசாமல் இருக்கிறான் என்று பேதுரு நினைத்தார். நூறு ஞாயிற்றுக்கிழமைக்கு மேல் இருக்கும்.

சுவர் மணிக்கூட்டில் நாலு பத்து.

"எழுது," என்றார். "அவளுக்கு."

ஐறீன் புதுத் தாள் மாதிரி ஒன்றைத் திறந்தாள். "சொல்லுங்கோ. தமிழை இங்கிலிஷ் எழுத்தில போடுறன்."

"நேசம். றேமண்ட் இண்டைக்கு விடியக் காலமை போயிட்டான். நாளைக்குப் பின்னேரம் மூண்டரைக்கு எடுக்கிறம்." அவர் வாசலில் நின்று சொல்லுகிறவன் மாதிரியே சொன்னார். அதற்கு மேல் அந்த வேலையில் சொல்லும் இல்லை.

அவள் அடித்து முடித்துவிட்டுக் காத்திருந்தாள்.

"பிறிஜெற்றின்ர அறிவித்தல் உனக்கு வரேல்லை எண்டு எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்," என்றார். "உன்ர கடிதம் மூண்டையும் நான்தான்…"

விசைகள் டக்கு டக்கென்று விழுந்தன. தன்னுடைய சொல் எழுத்தாகி வரிசையாக நிற்பதைப் பார்க்கப் பேதுருவுக்குக் கழுத்து வேர்த்தது. யாரோ தன் சட்டையைக் கழற்றித் தெருவில் கொழுவிவைத்த மாதிரி.

"அதை அழி."

"எதை அங்கிள்?"

"கடைசிச் சொன்னதை. முழுக்க."

ஐறீன் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு விசையை அமத்திப் பிடித்தாள். எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பின்னால் ஓடி மறைந்தன. மேலே றேமண்ட் அங்கிளுடைய பெயரில்தான் போகும், கீழே யாருடைய பெயரைப் போடட்டும் என்று கேட்டாள். செத்தவன் பெயரில் அவனுடைய சாவு போகிறது. அது கூடாது என்று பேதுருவுக்குப் பட்டது. முதல் வரியிலேயே பேதுரு எழுதுவது என்று போடச் சொன்னார். அவள் போட்டாள். அவர் சொல்லாமலே வீட்டு ரெலிபோன் நம்பரையும் போட்டாள். அனுப்பினாள்.

பிறகு இரண்டு பேரும் திரையைப் பார்த்தபடி இருந்தார்கள். நாலு இருபது. நாலு இருபத்தைந்து. நேசத்தின் பெயரில் எதுவும் திரும்பி வரவில்லை.

"வராட்டி போய்ச் சேந்திட்டுது எண்டு அர்த்தமா?"

"அனேகமா. ஆனா அவ திறந்து பார்த்தாத்தான்."

நாலரைக்குத் திரை கறுத்தது. மின்விசிறி இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. ஐறீன் ரெலிபோன் வயரைப் பெட்டியிலிருந்து கழற்றி ரெலிபோனில் குத்தினாள். யாரும் எடுத்தால் அடிக்கவேண்டுமே.

ஆறரைக்கு றேமண்ட் வீட்டுக்கு வந்தான். முன்னறையில் சவப்பெட்டியை வைத்து, தலைமாட்டில் சிலுவையையும் இரண்டு பக்கமும் மெழுகுதிரியையும் வைத்தார்கள். சனம் வந்தது. பேதுரு சுவரோரம் கதிரையில் இருந்தார். கைகொடுக்க வந்தவர்களுக்குக் கையைக் கொடுத்தார். அவர்களுடைய முகத்தைப் பார்க்கவில்லை. இவருக்குத் தெரியுமா, இவருக்குத் தெரியுமா என்று ஒவ்வொருவராய் மனதுக்குள் கேட்டுக்கொண்டார். கோயில் பாட்டுக்காரி றோஸி, நீங்கதான் இனி இந்தக் குடும்பத்துக்கு மூத்த தலை என்றாள். அதைக் கேட்டு அவருக்கு எழும்பிப் போகவேண்டும் போலிருந்தது. ஆறு தரம் ரெலிபோன் அடித்தது. நோர்வே, கனடா, கனடா, லண்டன், சிட்னி, கனடா. ஆறு தரமும் அவர் கதிரை நுனிக்கு வந்து, திரும்பச் சாய்ந்தார்.

மறுநாள் மூன்று மணிக்குச் சுவாமி வந்தார். செபம் தொடங்கியது. பெட்டி மூடியைத் தூக்குகிறவர்கள் தயாராய் வந்து நின்றார்கள். சொந்தக்காரர் கடைசியாய் முகம் பார்க்கலாம் என்று சொன்னபோது ரெலிபோன் அடித்தது. ஐறீன்தான் ஓடிப்போய் எடுத்தாள். அவள் அங்கிருந்தபடியே பேதுருவைப் பார்த்தாள். றிசீவரை நீட்டினாள்.

மாக்ரெட் பெட்டியில் கை வைத்தபடி நிமிர்ந்தாள். "நீங்க கதையுங்கோ அத்தான்."

முன்னறை முழுக்க அவரைப் பார்த்தது. பேதுரு எழும்பினார். அறை வாசல் வரைக்கும் ஏழெட்டு அடிதான். மூட்டையோடு பலகைப் பாலம் ஏறின காலத்தில்கூட அப்படி எண்ணி எண்ணி அடி வைத்ததில்லை. றிசீவரை வாங்கிக் காதில் வைத்தார்.

"பெரியண்ணா?"

இரண்டரை வருஷத்தில் குரல் கொஞ்சம் தடித்திருந்தது. "ஓம்," என்றார்.

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "பெட்டியை மூடிட்டினமா?" என்றாள்.

"இன்னும் இல்லை."

"இரவு வேலையால வந்து இப்பத்தான் பார்த்தன். பெரியண்ணா, எனக்கு இங்க இருந்து ஒண்டும் தெரியேல்லை. நீங்க பாத்துச் சொல்லுங்கோ. சின்னண்ணா எப்பிடி இருக்கிறார்?"

பேதுரு ரெலிபோனை ஸ்ரூலிலிருந்து தூக்கி ஒரு கையில் பிடித்தார். வயர் நீண்ட மட்டும் நடந்தார். பெட்டிக்கு இரண்டு அடி இருக்கும்போது வயர் இறுகி நின்றது. சனம் விலகி வழிவிட்டது. மூடி தூக்கினவர்கள் மூடியைச் சுவரில் சாய்த்தார்கள். சுவாமி புத்தகத்துக்குள் விரலை வைத்து மூடிக்கொண்டு நின்றார்.

"வெள்ளைச் சேட்," என்றார் பேதுரு. எல்லாருக்கும் கேட்டது. "கறுப்புக் கோட். பென்ஷன் எடுக்கேக்கத் தைச்சது. கழுத்தில நீல ரை. கையில செபமாலை சுத்தியிருக்கு, அம்மான்ர மரச் செபமாலை. தலை வாரியிருக்கு. இடப்பக்கம் வகிடு எடுத்திருக்கினம், அவன் வலப்பக்கம் எடுக்கிறவன், பார்லர்காரருக்குத் தெரியாது."

"முகம்?"

"முகம் நல்லாய்த்தான் கிடக்கு. கொஞ்சம் வீக்கம். வாய் சிரிக்கிற மாதிரி."

அவள் அழுதாள். பேதுரு றிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரோ இருமினார்கள். வெளியே சவவண்டிக்காரன் நேரத்தைப் பார்த்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தான்.

"பெரியண்ணா," என்றாள் நேசம். "கோவிக்காதேங்கோ. ஒண்டு கேக்கட்டா?"

"கேள்."

"அண்ணிக்கு என்ன சீலை உடுத்தினீங்கள்?"

பேதுரு சுவாமியைப் பார்த்தார், மாக்ரெட்டைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். மணி மூன்று முப்பத்தைந்து.

"நாவல் நிறம்," என்றார். "தங்கக் கரை. கரை சின்னக் கரை." பிறகு சனத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, குரலைக் கொஞ்சம் தணித்து, பிறிஜெற்றின் தலைமாட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனார்.